இயல் 7: பந்துவீச்சுக் கணக்கில் நீண்டகாலப் போக்கை வரைதல்

தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இரண்டு வரைபடங்கள் நன்றாகப் பழகியவை. ஒவ்வொரு ஓவரிலும் எடுத்த ரன்களைக் கட்டடங்கள்போல் நிறுத்திக் காட்டும் ‘மன்ஹாட்டன்’ ஒன்று. எடுத்த ரன்களைக் கூட்டிக்கொண்டே போய் ஊர்ந்து செல்லும் கோடாகக் காட்டும் ‘வோர்ம்’ மற்றொன்று. முன்னது பட்டைப்படம், பின்னது திரள்கோட்டுப்படம். மூன்று மணி நேர ஆட்டத்துக்கு இவ்விரண்டும் போதும் என்பதால், பதின்மூன்று ஆண்டு நீண்ட ஒரு பந்துவீச்சாளரின் ஆட்டவாழ்க்கைக்கோ எண்பது ஆண்டு நடந்துவரும் ஒரு போட்டிக்கோ இவையே போதும் என்று எண்ணுவதுதான் புதிதாக வரையத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் பிழை. காலம் நீளும்போது ஆடுகளம், எதிரணி, விதிகள், வீரரின் வயது ஆகிய யாவும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்வதால், கோட்டின் ஏற்ற இறக்கத்தில் எது திறமை, எது சூழ்நிலை என்று பிரித்தறியும் முறைகள் தனியே தேவைப்படுகின்றன. இந்த இயல் அம்முறைகளைப் பற்றியது.

இக்கலையில் முன்னே சென்றிருப்பது அமெரிக்கப் பேஸ்பால். அங்கே பந்தை எறிபவருக்கு ‘பிட்சர்’ என்று பெயர். களத்தடுப்பாளர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக ஒரு பிட்சர் எதிரணிக்குக் கொடுத்த ரன்களை, அவர் ஒன்பது இன்னிங்ஸ் எறிந்திருந்தால் எத்தனை ஆகும் என்று மாற்றிக் கணக்கிடும் எண்ணை ‘இ.ஆர்.ஏ.’ என்பார்கள், கிரிக்கெட்டின் பந்துவீச்சுச் சராசரியைப் போலவே அதுவும் குறையக் குறையச் சிறப்பு. 1968ஆம் ஆண்டு பாப் கிப்சன் என்ற பிட்சரின் இ.ஆர்.ஏ. 1.12 ஆக இருந்தது. அவ்வாண்டு பெருங்கழகங்கள் அனைத்துக்குமான இ.ஆர்.ஏ. 2.98. மறு ஆண்டே அது 3.61க்கு உயர்ந்தது. பிட்சர்கள் எல்லோரும் ஒரே குளிர்காலத்தில் திறமை இழந்துவிடவில்லை. எறிபவர் நிற்கும் மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது, பந்து செல்ல வேண்டிய எல்லையும் சுருக்கப்பட்டது. ஆகவே 1968க்கும் 1969க்கும் இடையே ஒரு செங்குத்துக் கோடு போட்டு விதிமாற்றத்தை எழுதாத எந்தப் பேஸ்பால் வரைபடமும் பார்ப்பவரைத் தவறான முடிவுக்குத்தான் இட்டுச்செல்லும். இந்தப் பாடம் கிரிக்கெட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது என்பதைப் பின்னர் காணலாம்.

கிரிக்கெட்டில் அளவைகள் மூன்று. ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்பது சராசரி; ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து வீசினார் என்பது ஸ்ட்ரைக் ரேட்; ஆறு பந்து கொண்ட ஓர் ஓவருக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்பது எகானமி. இம்மூன்றும் தனித்தனி அல்ல: ஸ்ட்ரைக் ரேட்டை எகானமியால் பெருக்கி ஆறால் வகுத்தால் சராசரி வந்துவிடும். சராசரியை மட்டும் வரைபவர் இரண்டு வேறுபட்ட கதைகளை ஒரே கோட்டில் கலந்துவிடுகிறார் என்பதற்குத் தமிழ் பேசும் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களின் டெஸ்ட் கணக்கே போதுமான சான்று. எஸ். வெங்கடராகவன் 1965 முதல் 1983 வரை 57 டெஸ்டுகளில் 14,877 பந்துகள் வீசி, 5,634 ரன்கள் கொடுத்து 156 விக்கெட்டுகள் எடுத்தார். முத்தையா முரளிதரன் 1992 முதல் 2010 வரை 133 டெஸ்டுகளில் 44,039 பந்துகளில் 18,180 ரன்கள் கொடுத்து 800 விக்கெட்டுகளை எட்டினார். ஆர். அஸ்வின் 2011 முதல் 2024 வரை 106 டெஸ்டுகளில் 27,246 பந்துகளில் 12,891 ரன்கள் கொடுத்து 537 விக்கெட்டுகள் எடுத்தார். சராசரியை மட்டும் பார்த்தால் முறையே 36.12, 22.72, 24.01 என்று வருகிறது. வெங்கடராகவன் மற்ற இருவருக்கும் மிகவும் பின்தங்கியவராகத் தெரிகிறார். எகானமியைத் தனியே எடுத்தால் 2.27, 2.48, 2.84 என்று வரிசை மாறி, மூவரில் ரன் கொடுப்பதில் மிகச் சிக்கனமானவர் அவரே என்று தெரிய வருகிறது. அவரது சராசரியை உயர்த்தியது ஸ்ட்ரைக் ரேட்: ஒரு விக்கெட்டுக்கு அவருக்கு 95 பந்துகள் தேவைப்பட்டபோது முரளிதரனுக்கு 55, அஸ்வினுக்கு 51 பந்துகளே போதுமாயிருந்தன. மட்டையாளர்கள் தடுத்தாடிப் பொறுமை காத்த காலத்துக்கும் அடித்தாடத் துணிந்த காலத்துக்கும் உள்ள வேறுபாடு இந்த எண்களில் கலந்திருக்கிறது.

எனவே நீண்டகால வரைபடத்தில் சராசரிக்கு ஒரு கட்டம், அதன்கீழ் ஸ்ட்ரைக் ரேட்டுக்கு ஒரு கட்டம், அதன்கீழ் எகானமிக்கு ஒரு கட்டம் என்று மூன்றையும் ஒரே கிடையச்சின்மேல் அடுக்கி வரைவதே முறை. மூன்று கோடுகளையும் ஒரே கட்டத்துக்குள் திணித்து, இடப்பக்கம் ஓர் அளவுகோலும் வலப்பக்கம் மற்றோர் அளவுகோலும் வைப்பதைக் கைவிட வேண்டும். இரு அளவுகோல்களை நீட்டியும் சுருக்கியும் எந்த இரு கோடுகளையும் ஒன்றோடொன்று தொடர்புடையவைபோல் காட்டிவிட முடியும் என்பதால் அப்படத்தை யாரும் நம்பத் தேவையில்லை.

அடுத்தது கூட்டும் முறை. ஆண்டுச் சராசரிகளைக் கூட்டி ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுப்பது மிகப் பரவலான பிழை. எடுத்துக்காட்டுக்காக, ஒருவர் ஓர் ஆண்டில் 600 ரன்களுக்கு 30 விக்கெட்டும் மறு ஆண்டில் 200 ரன்களுக்கு 4 விக்கெட்டும் எடுத்தார் என்று கொண்டால், ஆண்டுச் சராசரிகள் 20, 50. இவற்றின் நடு எண் 35. ஆனால் அவர் கொடுத்தது மொத்தம் 800 ரன்கள், எடுத்தது 34 விக்கெட்டுகள். உண்மையான சராசரி 23.5. விகிதங்களைக் கூட்டக் கூடாது. ரன்களைத் தனியே, விக்கெட்டுகளைத் தனியே கூட்டிய பின்னரே வகுக்க வேண்டும். கணினியின் விரிதாள் மென்பொருள்கள் வரைபடத்தின்மேல் ஒரு சொடுக்கில் போட்டுத்தரும் ‘நகரும் சராசரி’ கோடு இதே பிழையைத்தான் செய்கிறது, ஏனெனில் தரப்பட்ட விகிதங்களை அது அப்படியே கூட்டி வகுக்கிறது. விக்கெட்டே விழாத ஆட்டங்கள் வந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்: 2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் டெஸ்டில் அஸ்வின் 42 ஓவர்கள் வீசி ஒரு விக்கெட்டும் எடுக்கவில்லை, அந்த ஆட்டத்துக்குச் சராசரி என்று ஓர் எண்ணே கிடையாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் சில மென்பொருள்கள் அதைச் சுழியமாக எடுத்துக்கொள்ளும், சுழியமோ பந்துவீச்சுச் சராசரியில் இருப்பதிலேயே உயர்ந்த சாதனையாகப் படத்தில் நிற்கும்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. ஆட்டம் ஒன்றுக்கு ஒரு வரி எழுதி, அதில் தேதி, இடம், பந்துகள், ரன்கள், விக்கெட்டுகள் ஆகியவற்றை மட்டும் பதிந்து, அருகில் பந்துகள், ரன்கள், விக்கெட்டுகள் மூன்றுக்கும் அதுவரையிலான கூட்டுத்தொகையைக் காட்டும் மூன்று பத்திகளைச் சேர்க்க வேண்டும். எந்தக் காலப்பகுதியின் சராசரி வேண்டுமோ அதன் முடிவிலுள்ள கூட்டுத்தொகையிலிருந்து அதன் தொடக்கத்துக்கு முந்தைய கூட்டுத்தொகையைக் கழித்து, ரன் வித்தியாசத்தை விக்கெட் வித்தியாசத்தால் வகுத்தால் போதும். ஓவர் எண்ணிக்கையைப் பதியாமல் பந்து எண்ணிக்கையைப் பதிவதற்கும் காரணம் உண்டு: ஆஸ்திரேலியாவில் 1978–79 பருவம் வரை ஓர் ஓவருக்கு எட்டுப் பந்துகள் வீசப்பட்டன, ஓவர்களைக் கணக்கில் கொண்டு வரையும் நூறாண்டுக் கோடு அங்கே பொய்யாக மடங்கும்.

இனி, காலத்தை எங்கே வெட்டுவது என்னும் கேள்வி. இந்த இயலில் மிகுந்த கவனம் கோருவது இதுவே. பேஸ்பாலில் பருவம் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடிந்துவிடுவதால் ஆங்கில ஆண்டும் ஆட்ட ஆண்டும் ஒன்றே. ஆண்டுக்கு ஒரு பட்டை வரைந்தால் எதுவும் உடைபடாது. இந்தியக் கிரிக்கெட்டின் உள்நாட்டுப் பருவமோ மழைக்காலத்தின் இறுதியில் தொடங்கி, டிசம்பரைத் தாண்டி, மார்ச்சில் முடிவது. அஸ்வினின் ஆண்டுவாரி விக்கெட்டுகள் 2015இல் 62, 2016இல் 72, 2017இல் 56, 2018இல் 38 என்று அமைகின்றன. இவற்றைப் பட்டைகளாக வரைந்தால் 2016இல் ஒரு சிகரமும் அதன்பின் நேரான சரிவும் தெரிகின்றன. ஆனால் 2016 செப்டம்பர் 22இல் கான்பூரில் தொடங்கி 2017 மார்ச்சில் தரம்சாலாவில் முடிந்த ஒரே உள்நாட்டுப் பருவத்தில் இந்தியா 13 டெஸ்டுகள் ஆடியது. நியூசிலாந்துக்கு எதிராக 27, இங்கிலாந்துக்கு எதிராக 28, வங்கதேசத்துக்கு எதிராக 6, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 21 என்று அஸ்வின் அப்பருவத்தில் 82 விக்கெட்டுகள் எடுத்தார். ஆங்கில ஆண்டைக் கொண்டு வெட்டிய வரைபடம் இந்த 82ஐ 55 என்றும் 27 என்றும் இரண்டாக முறித்து, இரண்டு வெவ்வேறு பட்டைகளுக்குள் புதைத்துவிடுகிறது.

நாஞ்சில் நாட்டு வாசகருக்கு இதை விளக்க வெளியூர் உவமை தேவையில்லை. இங்குக் கும்பப்பூ நெல் புரட்டாசி, ஐப்பசியில் நடப்பட்டு மாசி, பங்குனியில் அறுவடையாகிறது. அந்த ஒரு பூவின் விளைச்சலை டிசம்பர் 31இல் இரண்டாக வெட்டிக் கணக்கெழுத எந்த விவசாயியும் முற்படமாட்டார். ஆவணி முதல் நாளில் பிறக்கும் கொல்லம் ஆண்டு கும்பப்பூவின் நடவையும் அறுவடையையும் ஒரே ஆண்டுக்குள் வைத்திருக்கிறது. கிரிக்கெட் பருவத்தையும் அதுவே முழுமையாகக் கொள்கிறது: கான்பூரில் தொடங்கித் தரம்சாலாவில் முடிந்த அந்த 13 டெஸ்டுகளும் கொல்லம் 1192ஆம் ஆண்டுக்குள் அடங்குகின்றன. கொல்லம் ஆண்டைக் கிடையச்சில் எழுதினால் வெளியூரார்க்குப் புரியாது என்பது உண்மையே. எழுதுவது ‘2016–17’ என்றே இருக்கட்டும், வெட்டுமிடம் மட்டும் ஆகஸ்டு நடுவில் இருக்க வேண்டும்.

வெட்டாமலே வரையும் வழியும் உண்டு. அதுவே நகரும் சாளரம். குறிப்பிட்ட நீளமுள்ள ஒரு சட்டத்தைக் காலத்தின்மேல் வைத்து, அதற்குள் அடங்கும் ஆட்டங்களின் சராசரியைக் கணக்கிட்டு ஒரு புள்ளி வைத்து, சட்டத்தை ஓர் ஆட்டம் நகர்த்தி அடுத்த புள்ளி வைக்க வேண்டும். அந்தச் சட்டமே சாளரம். அதன் நீளம் எவ்வளவு என்பதற்கு ஐந்து ஆட்டம், பத்து ஆட்டம் என்று பழக்கத்தால் பதில் சொல்லிவிடுகிறார்கள். எந்தச் சுழற்சியை அது விழுங்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் இங்கே நல்ல ஆசான். 1897 முதல் 1906 வரை கோதையாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அந்த அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் 48 அடி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதால் நீர்வரத்து ஆண்டுக்கு இருமுறை பெருகுகிறது. பல பத்தாண்டுகளின் தினசரி மட்டத்தை எடுத்துக்கொண்டு ஆறுமாதச் சாளரத்தால் நகர்த்தினால், சாளரம் சில நேரம் ஒரு பருவமழையை முழுதும், சில நேரம் இரண்டின் பாதிகளையும், சில நேரம் கோடையையும் பிடித்துக்கொள்வதால், கோடு ஏறியிறங்கிக்கொண்டே இருக்கும். அணைக்கு நீண்டகாலத்தில் நீர் கூடுகிறதா குறைகிறதா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. சாளரத்தைப் பன்னிரண்டு மாதமாக்கினால், அது எங்கே நின்றாலும் இரு மழைகளும் ஒரு கோடையும் அதற்குள் இருக்கும். பருவத்தின் ஆட்டம் அடங்கி, மிச்சமிருக்கும் மெல்லிய ஏற்றமோ இறக்கமோ கண்ணுக்குத் தெரியும். சாளரத்தின் நீளம், அடக்க விரும்பும் சுழற்சியின் நீளத்துக்குச் சமமாகவோ அதன் முழு மடங்காகவோ இருக்க வேண்டும் என்பதே விதி.

ஒரு சுழற்பந்து வீச்சாளருக்கு அந்தச் சுழற்சி உள்நாட்டுத் தொடர்களும் வெளிநாட்டுப் பயணங்களும் மாறி மாறி வருவது. அஸ்வினின் 537 விக்கெட்டுகளில் 383 இந்திய மண்ணில் 21.57 என்ற சராசரியில் கிடைத்தவை; மற்ற 154 விக்கெட்டுகளுக்குச் சராசரி ஏறத்தாழ 30. இவ்விரண்டு மட்டங்களுக்கும் இடையே ஏறத்தாழ எட்டரை ரன் இடைவெளி இருக்கும்போது, ஐந்து ஆட்டச் சாளரம் பெரும்பாலும் காட்டுவது அவரது பந்துவீச்சை அல்ல, அவர் ஏறிய விமானம் எந்தத் திசையில் போனது என்பதைத்தான். முன்னே கண்ட 2018ஆம் ஆண்டின் 38 விக்கெட்டுகள் இதற்குச் சான்று: அவ்வாண்டு அவர் ஆடிய 10 டெஸ்டுகளில் 7 தென்னாப்பிரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவில் நடந்தவை. 2021இல் 9 டெஸ்டுகளில் அவர் எடுத்த 54 விக்கெட்டுகளில் 46 உள்நாட்டில் ஆடிய ஆறு டெஸ்டுகளில் வந்தவை. 2018இல் வீழ்ந்தார், 2021இல் எழுந்தார் என்று பட்டைப்படம் சொல்லும் கதையில் பெரும்பகுதி பயண அட்டவணையின் கதை. 2019இல் தொடங்கிய உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இரண்டாண்டுச் சுற்றுகளாக நடப்பதால், இந்திய வீரர் ஒருவருக்கு இரண்டாண்டுச் சாளரமே பொருத்தமான தொடக்கம். அதைவிட நேர்மையான வழி, உள்நாடு ஒரு கோடு, வெளிநாடு ஒரு கோடு என்று இரண்டாகப் பிரித்து வரைவது. விக்கெட்டுகள் குறைவாக உள்ள வெளிநாட்டுக் கோடு அதிகம் ஆடும் என்பதால் அதன் சாளரத்தை நீட்டிக்கொள்ளலாம்.

சாளரத்தை ஆட்ட எண்ணிக்கையால் அளப்பதா, பந்து எண்ணிக்கையால் அளப்பதா என்பதும் முடிவு செய்யப்பட வேண்டியதே. வேகப்பந்துக்கு உதவும் களத்தில் ஒரு சுழற்பந்து வீச்சாளர் பத்து ஓவர் மட்டும் வீசிய ஆட்டமும், ஐம்பது ஓவர் வீசிய ஆட்டமும் சம எடை பெறுவது பொருத்தமன்று. ஈராயிரம் பந்து என்பதுபோல் ஒரு நீளம் வைத்தால், அஸ்வினின் முழு ஆட்டவாழ்க்கையில் ஒன்றையொன்று தொடாத சாளரங்கள் பதின்மூன்றுதான் கிடைக்கும். கோடு நூற்றுக்கணக்கான புள்ளிகளால் ஆனதாகத் தோன்றினாலும் அதில் உண்மையில் உள்ள தனித்தனிச் செய்திகள் பதின்மூன்றே என்பதை வரைபவர் மறக்கக் கூடாது.

தொடக்கம் முதல் அன்றுவரையிலான திரள்சராசரியைக் கோடாக வரைவதும் வழக்கத்தில் உள்ளது. பத்திரிகைகள் விரும்பும் கோடு அது. ஆனால் போக்கை அறிய அது ஏற்றதன்று. 50 விக்கெட்டுகளை 24 என்ற சராசரியில் எடுத்தவர் அடுத்த 20 விக்கெட்டுகளை 40 என்ற மோசமான சராசரியில் எடுத்தால் அவரது திரள்சராசரி 28.6க்குத் தாவுகிறது. அதே 20 விக்கெட்டுகள் 500 விக்கெட்டுகளுக்குப் பின் வந்தால் 24.6க்குத்தான் நகர்கிறது. சறுக்கல் ஒன்றே, இளையவரின் கோட்டில் மலையாகத் தெரிவது மூத்தவரின் கோட்டில் மணல்மேடாகக்கூடத் தெரிவதில்லை. ஆகவே வயதாகும்போது நிதானம் வருகிறது என்று திரள்கோட்டைக் காட்டி எழுதப்படும் வாக்கியங்களை நம்ப வேண்டியதில்லை.

செங்குத்துக் கோடுகளுக்கு இனி வரலாம். கோடு மடங்கும் இடத்தில் ஆட்டமே மாறியிருக்கிறதா என்று சோதிப்பதற்காக, வரையத் தொடங்கும் முன்பே மாற்றங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக்கொள்ள வேண்டும்; வரைந்து முடித்த பிறகு தேடினால் கண்ணுக்குப் பிடித்த காரணம்தான் கிடைக்கும். பந்து வீசும்போது முழங்கையை 15 பாகை வரை நீட்டலாம் என்ற விதி 2005 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. முரளிதரன் காலத்தை வரைபவர் அதைக் குறிக்காமல் இருக்க முடியாது. நடுவர் முடிவை மறுபரிசீலனை செய்யும் முறையை 2016 நவம்பரில் ராஜ்கோட்டில் தொடங்கிய இங்கிலாந்துத் தொடரில்தான் இந்தியா ஏற்றுக்கொண்டது, அஸ்வினின் எல்.பி.டபிள்யூ. விக்கெட்டுகளைத் தனியே வரைபவர் அந்தத் தேதியில் கோடிட வேண்டும். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4இல் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடந்து ஒரே நாளில் முடிந்தது, அதில் ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகள் எடுத்தார். அங்கிருந்து இன்றுவரை ஒரு கோடு இழுப்பவர், ஆட்டங்கள் யாவும் இரு அணிக்கும் சொந்தமல்லாத பொதுவிடங்களில் நடத்தப்பட்ட 2016–17 பருவத்தைத் தனி நிறத்தில் காட்ட வேண்டும். போட்டியே நடக்காத 2020–21இல் கோட்டை அறுக்க வேண்டும். இல்லாத ஆண்டின் இருபுறப் புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைப்பது, நடக்காத ஆட்டத்துக்குக் கணக்கு எழுதுவதற்கு ஒப்பாகும்.

கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றிய கணக்கு எடுப்பவருக்கு மற்றொரு கோடும் உண்டு. திருவிதாங்கூர்–கொச்சி அணி 1951–52இல் ரஞ்சிக் கோப்பைக்குள் நுழைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அந்த மாநிலத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1இல் அவை சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. 1957–58 முதல் அந்த அணி கேரளம் என்ற பெயரில் ஆடியது. நாகர்கோவிலில் பிறந்த ஒருவர் எந்த அணியின் கோட்டில் இடம்பெறுவார் என்பது அவர் ஆடிய ஆண்டைப் பொறுத்தது. இரு அணிகளின் நீண்டகாலக் கோடுகளையும் வரைபவர், எல்லை மாறிய அந்த ஆண்டில் இரண்டிலும் கோடிட்டுக் காட்டுவது கடமை.

அச்சுகளைப் பற்றிச் சில சொற்கள் போதும். பட்டைப்படத்தின் செங்குத்தச்சு சுழியத்தில்தான் தொடங்க வேண்டும், ஏனெனில் அங்கே கண் அளப்பது பட்டையின் நீளத்தை. கோட்டுப்படத்தில் கண் அளப்பது சாய்வை என்பதால் 15இல் தொடங்கி 45இல் முடிந்தாலும் குற்றமில்லை. சராசரி குறைந்தால் சிறப்பு என்பதற்காக அச்சைத் தலைகீழாக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது பரிந்துரைக்கத் தக்கதன்று. அச்சின் அருகில் ‘கீழே வரவரச் சிறப்பு’ என்று மூன்று சொல் எழுதிவிட்டால் வாசகர் தாமே பழகிக்கொள்வார். நகரும் சாளரத்தின் புள்ளியைச் சாளரத்தின் இறுதியில் வைத்தால் ஒவ்வொரு திருப்பமும் அது நிகழ்ந்த நாளுக்குப் பின்னரே படத்தில் தெரியும். நடுவில் வைத்தால் இடம் சரியாக இருக்கும், ஆனால் இரு முனைகளிலும் கோடு பாதிச் சாளர நீளத்துக்குக் குறைந்துபோகும். வரலாற்றை எழுதுபவர் நடுவில் வைக்கட்டும். அடுத்த தொடருக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர் இறுதியில் வைக்கட்டும்.

இம்முறைகளைப் பழகுவதற்குச் சர்வதேசக் கணக்குகள்தான் வேண்டும் என்பதில்லை. கும்பப்பூ அறுப்பு முடிந்த வயல்களிலும் கடற்கரை ஊர்களின் மணலிலும் நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டிகளின் ஸ்கோர் நோட்டுகள் பல மன்றங்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அவற்றைக் கணக்கேற்றும்போது தேதி, பந்துகள், ரன்கள், விக்கெட்டுகள் என்ற பத்திகளோடு, வயலா மணலா பள்ளி மைதானமா என்பதற்கு ஒரு பத்தியும், டென்னிஸ் பந்தா தோல் பந்தா என்பதற்கு ஒரு பத்தியும், ஆட்டத்தின் ஓவர் வரம்புக்கு ஒரு பத்தியும் முதல் நாளிலேயே திறந்துவிட வேண்டும். வயலில் ஆடியவர்கள் ஊரைவிட்டு வேலைக்குப் போன பின்பு, எந்த ஆண்டு எந்தப் பந்தில் ஆடினார்கள் என்பதை அந்த நோட்டைத் தவிர வேறு எதுவும் சொல்லாது.